காயாத எண்ணெய்ச் சட்டி

“சார், தூக்கு உள்ளே போயிடுச்சு சார்!”

கத்திக்கொண்டே சாலமோன் மார்க்கெட் வாசற்படியை ஒரே தாவலில் தாண்டினான். அவனுக்கு முன்னால், பச்சைப் புடவைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்ட ஒரு பெண், கையில் பித்தளைத் தூக்கோடு கூட்டத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். சப் ஜெயில் வாசலில் தொடங்கிய துரத்தல். திருவள்ளூர்க் கடைத்தெரு முழுக்க வெயிலில் இழுத்தடித்துவிட்டு இங்கே வந்து நிற்கிறது. இன்னும் கொஞ்சம் எட்டினால் முக்காட்டின் நுனி கைக்கு வந்துவிடும்.

எட்டினான். வந்தது முக்காடு அல்ல. அடுக்கி வைத்திருந்த அப்பளத் தட்டுகள்.

“அடப் பாவி! கண்ணு இன்னா பொடரியிலயா கீது?”

அப்பளக் கடை ரோசம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தாள். சாலமோன் அப்பளங்களுக்கு நடுவில் உட்கார்ந்தபடி இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தான். பச்சைப் புடவை எங்குமே இல்லை.

“அம்மா, இப்ப ஒரு பொம்பளை தூக்கை எடுத்துக்கினு இந்தப் பக்கமா…”

“இந்த மார்க்கெட்டுல எவ கையில தூக்கு இல்ல? எந்திரி மொதல்ல. நீ குந்திக்கினு கீறது உளுந்தப்பளம்!”

சாலமோனின் முதலாளி, துப்பறியும் துளசிராமன் அப்போதுதான் வாசலைத் தாண்டி வந்தார். ஓடவில்லை, நடந்தார். அதுகூடச் செருப்பு இழுக்கிற இழுப்பில் பாதி நடைதான். நொறுங்கியதற்கெல்லாம் தாமே பொறுப்பு என்று ரோசம்மாளிடம் சொன்னார். அவள் போட்டுத்தந்த சாக்கில் பொத்தென்று உட்கார்ந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மேலே தகரக்கூரை சித்திரை வெயிலை வடிகட்டாமல் அப்படியே இறக்கியது.

“தப்பிச்சிட்டாளா?” என்றார்.

“தப்பிக்கல சார். அப்பளம் காப்பாத்திடுச்சு.”

துளசிராமனுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. இந்த வழக்கு அவரை அப்படி உலர்த்திவிட்டிருந்தது.

பழவேற்காட்டு நெய் வியாபாரி அப்துல் கனி மூன்று வாரத்துக்கு முன்னால் மாட்டு வண்டியில் புறப்பட்டார். ஆந்திரப் பக்கம் நெய் பிடித்துக்கொண்டு எளாவூர் வழியாகத் திரும்பி, திருவள்ளூர் மார்க்கெட்டில் இறக்குவது அவர் வழக்கம். நெய் எளாவூர் வரை வந்தது. கனி எங்குமே வந்து சேரவில்லை. ரோட்டோரம் வண்டி மட்டும் நின்றது. அதில் ரத்தக் கறையோடு அவர் சட்டை கிடந்தது. மாடுகள் இரண்டும் தேர்வாய் கண்டிகையில் அப்பாவு என்ற விவசாயியின் தொழுவத்தில் வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. வண்டி வயல் வரப்பை உடைக்கிறது என்று அப்பாவுவும் கனியும் கும்மிடிப்பூண்டிச் சந்தையில் சட்டையைப் பிடித்துக்கொண்டதை ஊரே பார்த்திருந்தது. போலீசுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அப்பாவு இப்போது உள்ளே. வாயைத் திறக்கவே இல்லை. கொன்றேன் என்றும் சொல்லவில்லை, கொல்லவில்லை என்றும் சொல்லவில்லை.

துளசிராமனை அமர்த்தியது கனியின் மனைவி நசீம் பானு. திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள். அழவில்லை. அழுது முடித்துவிட்ட குரல்.

“கொன்னது யாருன்னு நீங்க கண்டுபுடிக்க வேணாங்க. எங்க அவுங்க இருக்காங்களா, இல்லையா? நான் இத்தா உக்காரணுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லிடுங்க போதும்.”

கணவனை இழந்தவள் வெளியே தலைகாட்டாமல் துக்கம் காக்கிற காலம் அது. ரத்தச் சட்டையைப் பார்த்த பிறகு இன்னும் எதற்குத் தாமதம் என்று உறவுக்காரர்கள் நெருக்கினார்கள். நாளைக்குப் பொழுது விடிந்தால் அவள் அந்த அறைக்குள் போய் உட்கார வேண்டும். உயிரோடு இருக்கும் புருஷனுக்கு விதவையாக உட்காருவதா? செத்தவனுக்கு வாசலைப் பார்த்துக் காத்திருப்பதா? இரண்டில் எது என்று தெரியாமல் அந்த மூன்று வாரமும் அவள் படுக்கையில் முதுகு வைக்கவில்லை.

துளசிராமனிடம் இருந்ததெல்லாம் ஒரே ஒரு துப்பு. காலையில் ஜெயில் வார்டர் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னது.

“இந்த அப்பாவு பெரிய பேஜாரு சார். ஜெயில் சாம்பாரைத் தொடமாட்டான். கருவாட்டைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்குவான். யாரோ ஒரு பொம்பளை தூக்குல மோர்ச்சோறு கொண்டாந்து வாசல்ல வச்சிட்டுப் போறா. பேரு கேட்டா சொல்லமாட்டா. அந்தச் சோறு ஒண்ணுதான் உள்ள போவுது. அதுலயும் ஒரு கடுகு கிடையாது, கறிவேப்பிலை கிடையாது. ஆஸ்பத்திரி சோறு தேவலாம்.”

அந்தப் பெண்ணைத்தான் இப்போது அப்பளத் தட்டு விழுங்கிவிட்டது.

“வா, தேடலாம்” என்று துளசிராமன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“பச்சைப் புடவையையா சார்? அதோ பாருங்க, ரெண்டு. ஊறுகாய்க் கடையில ஒண்ணு. தூணுக்குப் பின்னால ஒரு ஆயா…”

“புடவையைத் தேடாதே. அடுப்பைத் தேடு.”

“அடுப்பா?”

“மூக்கைத் திறந்து வை. இந்தக் கூரைக்கு அடியில் கடுகு வெடிக்காத இடம் எங்கே இருக்குன்னு பார்.”

அது சுலபமான வேலையில்லை. திருவள்ளூரின் அந்தத் தகர மார்க்கெட்டில் வாங்கி விற்கிறவர்களுக்கு இடம் கிடையாது. செய்கிறவர்களே விற்க வேண்டும் என்பது அங்கே கட்டுப்பாடு. அதனால் கடைக்குக் கடை அடுப்பு, அடுப்புக்கு அடுப்பு புகை. ஒருத்தி எலுமிச்சங்காயை நல்லெண்ணெயில் வதக்கினாள். ஒருவன் பூந்தி தேய்த்தான். இன்னொருவன் பனைவெல்லப் பாகைக் கரண்டியில் தூக்கிப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தான். மத்தியானத்துச் சோம்பலில் எல்லோர் கண்ணும் சொருகியிருந்தது, கைகள் மட்டும் தம் பாட்டுக்கு வேலை செய்தன. துளசிராமன் ஒவ்வொரு கடை முன்னாலும் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு நகர்ந்தார்.

“சார், நம்மளை சானிட்டரி இன்ஸ்பெக்டர்னு நினைச்சிக்கினு கீறாங்க. ஒருத்தன் பழைய எண்ணெயை ஒளிச்சு வைக்கறான்.”

“வைக்கட்டும்.”

“நீங்க ஏதாச்சும் துன்னுங்க சார். மூஞ்சி வெளுத்துப்போச்சு. காலையில நாஷ்டா கூடப் பண்ணல.”

“எனக்கு வயிறு சரியில்லை.”

“உங்களுக்கு எதுதான் சரியா கீது? போன கேஸுல முதுகு. அதுக்கு மின்ன கேஸுல…”

சாலமோன் பாதியில் நின்றான். துளசிராமனும் நின்றுவிட்டார்.

எதிரே ஒரு முறுக்குக் கடை. சந்தேகமே இல்லை: முறுக்கு அச்சு ஆணியில் தொங்கியது, ஆளுயரத் தகர டின்கள் காலியாக வாயைப் பிளந்து நின்றன. அடுப்பின் மேல் கல்யாணத்துக்கே போதும் என்கிற மாதிரிப் பெரிய எண்ணெய்ச் சட்டி. அதற்குள்ளே வெள்ளைப் பூனை ஒன்று வாலைச் சுருட்டிக்கொண்டு சுகமாகத் தூங்கியது.

“சார்,” என்றான் சாலமோன் மெதுவாக, “இங்க முறுக்கு கொஞ்சம் மெத்துன்னு இருக்கும் போல.”

சட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அடுப்பு. அதில் ஆவி வந்துகொண்டிருந்தது. வாழையிலையில் கேழ்வரகுப் புட்டு குவித்திருந்தது. கடையில் ஆளைக் காணோம். மூலையில், இன்னும் ஈரம் காயாத பித்தளைத் தூக்கு ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது.

துளசிராமன் திரும்பி நடந்து ரோசம்மாளிடமே வந்தார்.

“அந்த முறுக்குக் கடை யாருடையது அம்மா?”

“முத்தம்மாளோடது. மணவாள நகர்லேர்ந்து வர்றா. ஏன்? அங்கயும் எதையாச்சும் நொறுக்கணுமா?”

“நொறுக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்லியே ஆத்தா” என்றான் சாலமோன். “முறுக்கு இல்லாத முறுக்குக் கடை.”

ரோசம்மாளின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினாள். “நானும் அதைத்தான் கேக்கறேன். இந்த மூணு வாரமா அவ எண்ணெய் வைக்கவே இல்ல. எங்கிட்ட அப்பளம் கடன் வாங்கிப் பொரிச்சித் துன்றவ, இப்ப பொரிச்ச அப்பளத்தை நீட்டினா, ‘வேணாங்க்கா’ன்னு கும்பிடுறா. புட்டு, களி, மோர்ச்சோறு, அவ்ளோதான். எனக்கு இன்னா தோணுதுன்னா… சொல்லக்கூடாது.”

“சொல்லுங்க.”

“சாவு உழுந்த ஊட்டுலதான் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டாங்க. கருமாதி முடியற வரைக்கும் தாளிக்கக்கூட மாட்டாங்க. எவன் செத்தான்னு கேட்டா வாயைத் தொறக்கமாட்டேன்றா. பொறந்த ஊட்டுல ஒரே அண்ணன். தேர்வாய் கண்டிகைல பயிர் வைக்கறவன்.”

சாலமோன் துளசிராமனைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார்.

அப்பாவுவின் தங்கை. அண்ணன் ஜெயிலில் தாளிக்காத சோறு தின்கிறான். தங்கை கடையில் எண்ணெய் காயவில்லை. இரண்டு பேரும் ஒரே சாவுக்குத் துக்கம் காக்கிறார்களா? கையால் கொன்றுவிட்டு, பாவம் தீர நாக்கைக் கட்டியிருக்கிறார்களா? அப்படியென்றால் நசீம் பானு நாளைக்கு உட்கார வேண்டியதுதான். துளசிராமனுக்கு அங்கேயே அப்பளச் சாக்கின் மேல் படுத்துவிடலாம் போலிருந்தது.

“சார், போயி அந்தம்மாகிட்ட சொல்லிடலாமா?”

“இரு. கனியின் நெய்யை இங்கே யார் வாங்கினதுன்னு கேட்டுட்டுப் போகலாம்.”

“கேட்டு?”

“பேருக்குத்தான். பழவேற்காட்டுக்குப் போறதை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடணும்.”

அல்வா கடை ஷஃபியுல்லா இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து அண்டாவில் கிண்டிக்கொண்டிருந்தார். கனியின் பெயரைக் கேட்டதும் கிண்டுவதை நிறுத்தினார். அல்வாவில் துடுப்பு நிற்கக்கூடாது. அவசரமாக மறுபடி கிண்ட ஆரம்பித்தார்.

“அவர் நெய்யில்லாம என் அல்வா அல்வாவே இல்லைங்க. இந்தாங்க, நீங்களே துன்னு பாருங்க. வாசனை தொண்டையிலயே நிக்கும். நல்ல மனுசன். இந்நேரம் எந்தக் குட்டையில எந்த மரத்தடியில… அல்லா லேசாக்கி வைக்கட்டும்.”

“இங்கே அவரைப் பற்றி வேறு யாராவது விசாரித்தார்களா பாய்?”

“போலீஸ்காரங்க கேட்டாங்க. வேற யாரும் கேக்கல. முறுக்குக்கடை அம்மா கூட அவரைப் பத்திக் கேக்கல. பாவம், அந்தம்மா கேட்டதே வேற.”

துளசிராமன் வாய்க்குக் கொண்டுபோன அல்வாவை அப்படியே நிறுத்தினார். “என்ன கேட்டாங்க?”

“எங்க தொழுகையைப் பத்தி. படுத்த படுக்கையா கீறவங்க தொழலாமா பாய்ன்னாங்க. குந்த முடியலேன்னா படுத்துக்கினே தொழலாம், அதுக்கும் தெம்பில்லேன்னா கண் ஜாடையே போதும்னு சொன்னேன். அப்புறம், தேர்வாய் கண்டிகைலேர்ந்து மெக்கா எந்தப் பக்கம்னாங்க. மேக்கால காமிச்சேன். எங்க மார்க்கத்து மேல அந்தம்மாவுக்கு அவ்ளோ மரியாதை. பிறத்தி மனுசங்கள்ல இப்பிடி யாரு கேக்கறா சொல்லுங்க?”

துளசிராமன் அல்வாவை இலையோடு சாலமோன் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அவர் நடையில் செருப்புச் சத்தம் முதன்முறையாகக் கொஞ்சம் வேகமாகக் கேட்டது.

முத்தம்மாள் கடைக்குத் திரும்பியிருந்தாள். முக்காடு தோளில் கிடந்தது. நாற்பது வயசுக்குக் கொஞ்சம் கீழே. கண்ணைச் சுற்றித் தூக்கமில்லாத கருப்பு. பூனையைச் சட்டியிலிருந்து துரத்தக்கூட அவளுக்கு மனசில்லை. துளசிராமன் சாலமோனை இழுத்துத் தூணுக்குப் பின்னால் நிறுத்தினார்.

அந்த நேரத்தில் மார்க்கெட்டுக்குள் ஒரு பரதேசி கடை கடையாக வந்துகொண்டிருந்தார். ரோசம்மாள் திட்டிக்கொண்டே நொறுங்கின அப்பளத்தைப் போட்டாள். ஷஃபியுல்லா ஒரு துண்டு அல்வா வைத்தார். முறுக்குக் கடை முன்னால் திருவோட்டை நீட்டியபடி பரதேசி நின்றார்.

“தாயே.”

முத்தம்மாள் கை கூப்பினாள். “இல்ல சாமி. அடுத்த கடை பாருங்க.”

“மின்னெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போடுவியேம்மா! கை நெறைய முறுக்குத்தூள் போடுவியே! அத்தினி புட்டு கீது…”

“இல்ல சாமி. கோச்சிக்காதீங்க. போங்க.”

பரதேசி முணுமுணுத்துக்கொண்டே போனார். முத்தம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னா கல்லு நெஞ்சு சார்” என்றான் சாலமோன் அல்வாவை மென்றுகொண்டே.

“சாலமோன், நீ அம்மை குத்திக்கிட்டிருக்கியா?”

சாலமோன் மெல்லுவதை நிறுத்தினான். “ராயபுரத்துல ஸ்கூல்லயே குத்தினாங்க சார். கை வீங்கி மூணு நாள் ஜுரம். ஏன், எனக்கு ஏதாச்சும் மூஞ்சில தெரியுதா?”

“குத்திக்கிட்டிருந்தா வா.”

துளசிராமன் நேராகக் கடைக்குப் போனார். விலை கேட்கவில்லை. பேர் கேட்கவில்லை. அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடங்கின குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஆத்தா எப்போ மலையேறுவாம்மா?”

முத்தம்மாள் கையிலிருந்த அகப்பை நழுவியது. பூனை திடுக்கிட்டுச் சட்டியிலிருந்து குதித்து ஓடியது.

“யாரு… யாரு சாமி நீங்க? ஆஸ்பத்திரி ஆளா?”

“இல்லை. பழவேற்காட்டு நசீம் பானு அனுப்பின ஆள்.”

அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். சாலமோன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். “சார், இன்னா நடக்குதுன்னு இந்தப் பக்கம் கீற மனுசனுக்கும் கொஞ்சம் சொல்லுங்க.”

“எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு ரெண்டு” என்றார் துளசிராமன், பார்வையை முத்தம்மாளிடமிருந்து எடுக்காமல். “ஒண்ணு சாவு வீடு. இன்னொண்ணு அம்மை வார்த்த வீடு. சாவு வீட்டில் பரதேசிக்குச் சோறு போடுவாங்க, செத்தவனுக்குப் புண்ணியம்னு கூப்பிட்டே போடுவாங்க. அம்மை வார்த்த வீட்டில் மட்டும்தான் ஒரு பிடி அரிசிகூட வெளியே தரமாட்டாங்க.”

“குடுத்தா ஆத்தாளையே வெளிய அனுப்பின மாதிரி சாமி” என்றாள் முத்தம்மாள். “அவளுக்குக் கோவம் வந்துடும். விக்கறது பொழப்பு. குடுக்கறது வேற. நான் அந்த ஊட்டு வாசலை மிதிக்கலதான். ஆனா எங்க அண்ணன் ஊடாச்சே! அங்க தாளிக்காதப்ப நான் எப்பிடி எண்ணெய் வைப்பேன்?”

“யாருக்கு அம்மை? அண்ணன் பிள்ளைக்கா?” என்றான் சாலமோன்.

“உங்க அண்ணன் வீட்டுப் பிள்ளை மெக்காவைப் பார்த்துக் கண் ஜாடையில் தொழாது, இல்லையாம்மா?” என்றார் துளசிராமன்.

முத்தம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு அடுப்போரம் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் மூன்று வாரத்துப் பாரமும் சேர்ந்து இறங்கியது போல உடம்பு தளர்ந்தது.

“வண்டியில சுருண்டு கெடந்தாராம் சாமி. நெருப்பா கொதிச்சிக்கினு. உடம்பெல்லாம் முத்து போட்டு, சொறிஞ்சி ரத்தமா வழிஞ்சி… எங்க அண்ணன் அந்த வழியா வந்துது. சண்டை போட்ட ஆளுன்னா உட்டுட்டு வந்துட முடியுமா? சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு, வண்டி போவாத குறுக்கு வழியில மாட்டு மேல சாச்சி ஊட்டுக்கு இட்டாந்துடுச்சி. ஆத்தா யார் மேல வந்தா இன்னா? வந்துட்டா நம்ம ஊட்டு ஆத்தாதான். எங்க அண்ணி பூவம்மாதான் ராவும் பகலும் வேப்பிலை போட்டு விசிறிக்கினு கீது.”

“போலீஸ்காரங்க அந்த ஊட்டுக்குப் போனாங்களே! உள்ள பாக்கலியா?” என்றான் சாலமோன்.

“போனாங்க. வாசல்ல வேப்பிலை சொருகியிருந்துதா? அதைப் பாத்ததும் இன்ஸ்பெக்டரு பூட்ஸைக் கழட்டிட்டு வெளியவே நின்னுட்டாரு. கன்னத்துல போட்டுக்கினு மாட்டை மட்டும் புடிச்சிக்கினு போனாரு. எங்க அண்ணனையும்.”

சாலமோனுக்குச் சிரிப்பு வந்தது, துளசிராமன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

“உங்க அண்ணன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. கொலைக் கேஸ். தூக்கு வரைக்கும் போகும்.”

“சொன்னா இன்னா ஆவும்? வேன்ல வந்து அவரைத் தூக்கிக்கினு போயி ஊருக்கு வெளிய அம்மைக் கொட்டாயில போடுவாங்க. எங்க அண்ணன் மூத்த புள்ளையை அப்பிடித்தான் எடுத்துக்கினு போனாங்க. பொணத்தைக்கூட எங்களுக்குக் காட்டல.” அவள் குரல் உடையவில்லை, தேய்ந்துபோனது. “தலைக்கு மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் ஊட்டுல கீறவரைப் பத்தி வெளிய பேச்சில்லைன்னுடுச்சி அண்ணன். ரெண்டு தண்ணி ஊத்தியாச்சி. முத்தெல்லாம் உதுந்துடுச்சாம், கஞ்சி குடிக்கறாராம். இந்த வெள்ளிக்கெழமை மூணாந்தண்ணி. அன்னிக்கு அவரே நடந்து போலீஸ் கச்சேரிக்கு வந்து நிப்பாரு சாமி. அது வரைக்கும் எங்களைக் காட்டிக் குடுத்துடாதீங்க.”

உயிரோடு இருக்கிறார். துளசிராமன் அந்த வார்த்தையை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பழவேற்காட்டில் ஒரு அறை நாளைக்குக் காலியாகவே இருக்கும். எழுந்து, கண்ணை மூடி ஒரு நிமிஷம் தூணில் சாய்ந்தார்.

“சார், இன்ஸ்பெக்டருக்குச் சொல்லணுமே?” என்றான் சாலமோன்.

“சொல்லணும். ஆனா என் கால் வலிக்கிற வலியில் போலீஸ் ஸ்டேஷன் போய்ச்சேர எனக்கு வெள்ளிக்கிழமை ஆகிவிடும். அதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டர் சத்தமில்லாமல் போய் அவரைப் பார்த்துட்டு வருவார். வேனும் வராது, கொட்டாயும் இல்லை. சரிதானேம்மா?”

முத்தம்மாள் தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

“அப்ப அந்தம்மா?” சாலமோன் அல்வா ஒட்டியிருந்த விரலை அவசரமாக நக்கினான். “இன்னா சார் நின்னுக்கினு கீறோம்! அவங்க அங்க அழுதுக்கினு கீறாங்க. பொன்னேரி பஸ்ஸைப் புடிச்சா சாயங்காலத்துக்குள்ள பழவேற்காடு. ராத்திரிக்கே அந்தம்மாவைக் கையோட இட்டாந்து தேர்வாய் கண்டிகைல உட்டுடறேன். புருசன் மூஞ்சை ஒரு தபா பாத்துட்டா போதும் சார், மூணு வாரத்துத் துக்கமும் பறந்துடும்!”

சொல்லிக்கொண்டே அவன் கிளம்பிவிட்டான். வாசலை நோக்கி நாலு எட்டு வைத்திருப்பான். முத்தம்மாள் அடுப்பைத் தாண்டிப் பாய்ந்தாள். புட்டு இலை சரிந்தது. அவன் சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்த இழுப்பில் பொத்தான் தெறித்தது.

“வேணாம் நைனா! உன் காலைப் புடிக்கறேன், அவங்களை மட்டும் அங்க இட்டாராத!”

“ஏம்மா? புருசன் சாவலைன்னு பொஞ்சாதிக்குச் சொல்லக்கூடாதா?”

“சாவலைன்னு சொல்லு. எங்க கீறாருன்னு சொல்லிடாத. சொன்னா அவங்க நிக்கமாட்டாங்க, ஆத்தா கீற ஊட்டுக்கே ஓடியாந்துடுவாங்க. அதுக்குத்தான கனி பாய் அந்த ஜுரத்துல எங்க அண்ணன் கையைப் புடிச்சிக்கினு சத்தியம் வாங்கினாரு! கொலைகாரப் பட்டம் கட்டி உள்ள தள்ளியும் எங்க அண்ணன் வாயைத் தொறக்காம குந்திக்கினு கீறது கொட்டாயிக்குப் பயந்து மட்டும்னா நினைச்ச?”

துளசிராமன் தூணை விட்டு நிமிர்ந்தார்.

“எதுக்கும்மா?”

முத்தம்மாள் சாலமோனின் சட்டையை விடாமலே திரும்பினாள். பக்கத்துக் கடைகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு துளசிராமனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

“கண்ணாலமாயி பத்து வருசம் கழிச்சி, சாமி. கண்ணு பட்டுடும்னு சொந்த சனத்துக்குக்கூட இன்னும் சொல்லல. அவரு வண்டி கட்டின அன்னிக்கிக் காலைலதான் அவருகிட்டயே சொல்லியிருக்காங்க. அந்தம்மா முழுகாம கீறாங்க.”